மண்டையோட்டு அடித்தள முறிவு: முதல் நாள் தெரியாதது மறுநாள் தெரிந்தால்?

இரவுப்பணி எழுதியது:

அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இங்கே டாக்டர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், ஸ்கேன் பார்ப்பவர்கள் எல்லோரும் இருப்பதால் ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

மண்டையோட்டின் அடித்தளம் முறிந்திருப்பதற்கு நான்கு அடையாளம் படித்திருக்கிறோம். இரு கண்ணையும் சுற்றிக் கருநீலம், காதுக்குப் பின்னால் கருநீலம், செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம், மூக்கிலோ காதிலோ மூளைத் தண்டுவட நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்) வடிவது. பரீட்சைக்கு இது போதும். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும்போது போதவில்லை. வண்டியிலிருந்து விழுந்த ஓர் இளைஞர் வந்தபோது நன்றாகப் பேசினார். முதல் சிடி அறிக்கையில் முறிவு எதுவும் எழுதவில்லை. மறுநாள் மாலை தலையணை உறை மாற்றும்போது பார்த்தால் வலது காதுக்குப் பின்னால் கருநீலமாக இருக்கிறது. அந்தக் காது அடைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவரை விடுங்கள், பொதுவாகக் கேட்கிறேன். ஸ்கேனில் இல்லாதது உடம்பில் தெரிந்தால் எதை நம்புவது? இவற்றை எப்போது, எங்கே தேட வேண்டும்? இப்படிப்பட்டவருக்கு நாங்கள் செய்யவே கூடாதது எது?

பெட்ரஸ் எழுதியது:

உடம்பைத்தான் நம்ப வேண்டும். நீங்கள் பார்த்துச் சொன்னது மிகச் சரி.

நான் காது மூக்கு தொண்டைப் பிரிவு. காதுக்குப் பின்னால் வரும் அந்தக் கருநீலத்துக்குப் பேட்டில் அடையாளம் என்று பெயர். வில்லியம் ஹென்றி பேட்டில் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரால் வந்தது. அடிபட்ட உடனே அது தெரிவது அபூர்வம். உள்ளே எலும்பு முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பின் மேல்தோலுக்கு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும். அடிபட்ட அரை மணி நேரத்திலேயே அங்கே கருத்திருந்தால், நேராக அந்த இடத்திலேயே அடி விழுந்திருக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பேன். கண்ணைச் சுற்றி வருவதும் இப்படியே, சில மணி நேரம் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். ஆக, முதல் நாள் இரண்டும் இல்லை என்பதற்காக முறிவு இல்லை என்று எழுதிவிட முடியாது.

முதல் ஒரு மணி நேரத்திலேயே கிடைக்கக்கூடியது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள ரத்தம். ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால் முத்து நிறத்தில் இருக்க வேண்டிய பறை கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும். உங்கள் நோயாளிக்குக் காது அடைத்திருப்பதற்கு அநேகமாக இதுதான் காரணம். தலைக்காயம் என்று வந்தால் கண்மணியில் டார்ச் அடிக்காதவர் இல்லை. காதுக்குள் எட்டிப் பார்ப்பவர்தான் குறைவு. வெளிக்காதில் ரத்தம் நிறைந்திருந்தால் சிரிஞ்சு வைத்துக் கழுவ வேண்டாம், பஞ்சுக்குச்சி விட வேண்டாம். கிருமியை உள்ளே தள்ளிவிடுவோம்.

கண்ணில் நேரடியாக அடிபட்டதா, முறிவா என்று பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. முறிவில் கருநீலம் பெரும்பாலும் இரு பக்கமும் வரும், கண்குழியின் விளிம்போடு நின்றுவிடும். வெள்ளைவிழியில் ரத்தச் சிவப்பு இருந்து, நோயாளியை மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொன்னாலும் அந்தச் சிவப்பின் பின் எல்லை தெரியவில்லை என்றால், ரத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

ஏன் இந்த இடத்து முறிவுக்கு மட்டும் இத்தனை பயம் என்றால், காரணம் டியூரா. மூளையின் வெளியுறையான அது மண்டையின் அடித்தளத்தில் சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி எலும்போடு ஒட்டியிருக்கிறது. எலும்பு விரிந்தால் அதுவும் கிழியும். கீழே இருப்பது மூக்கும் சைனஸும் காதும். அங்கே எப்போதும் கிருமி உண்டு.

ஸ்கேன்அறை எழுதியது:

ரேடியாலஜியிலிருந்து என் பங்குக்கு. "முறிவு இல்லை" என்ற வரியைப் படிக்கும்போது எந்த மாதிரிப் படத்தைப் பார்த்து எழுதினார்கள் என்றும் கேளுங்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று அவசரமாக எடுக்கும் சிடியை 5 மில்லிமீட்டர் தடிமனில் பார்த்தால், அடித்தளத்தில் ஓடும் மெல்லிய விரிசல் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான துண்டுகளாக, எலும்புக்கான அமைப்பில், முன்பின் தளத்திலும் பக்கவாட்டுத் தளத்திலும் மறுபடி அமைத்துப் பார்க்க வேண்டும். இப்போதைய கருவிகளில் பெரும்பாலும் அந்தத் தரவு ஏற்கனவே சேமிப்பில் இருக்கும். நோயாளியை மறுபடி மேசையில் படுக்கவைக்கத் தேவையில்லாமலே போகலாம். எங்களுக்குப் போன் செய்து கேளுங்கள்.

விரிசலே தெரியாவிட்டாலும் அது விட்டுப்போன தடயம் தெரியும். மண்டைக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள ஸ்பீனாய்டு சைனஸில் தேங்கிய திரவ மட்டம், மாஸ்டாய்டு அறைகள் காற்றிழந்து வெளுத்திருப்பது, தாடை மூட்டுக்குள் காற்று. இவற்றில் ஒன்றைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பத் திரும்பத் தேடுவோம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. எலும்புகள் சேரும் இயற்கையான பொருத்துக் கோடுகளும் ரத்தக்குழாய்ப் பள்ளங்களும் அனுபவம் குறைந்த கண்ணுக்கு முறிவாகத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். கோரிக்கைச் சீட்டில் "தலைக்காயம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். "வலது காதுக்குப் பின் கருநீலம், காது மந்தம்" என்று ஒரு வரி இருந்தால் நாங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

அப்புறம், யாருக்கு சிடி எடுப்பது என்று குழம்பத் தேவையில்லை. 2001-ல் வந்த கனடிய சிடி விதியில், லேசான தலைக்காயத்திலும்கூட அடித்தள முறிவின் ஏதாவது ஓர் அடையாளம் இருந்தாலே அதிக ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

சைரன் எழுதியது:

ஆம்புலன்ஸில் வேலை. எங்களுக்கு இத்தனை நுணுக்கம் கிடையாது, இருட்டில் ரோட்டோரத்தில் ஸ்கேனும் கிடையாது. நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

காதிலிருந்து ரத்தமோ தண்ணீரோ வந்தால் உள்ளே பஞ்சு அடைப்பதில்லை. சுத்தமான காஸ் துணியை மேலே லேசாக வைத்து, எவ்வளவு நனைகிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். மூக்கிலும் அப்படித்தான். வாய்க்குள் ரத்தம் போனால் உறிஞ்சி எடுப்போம், ஆனால் மூக்கு வழியாக உறிஞ்சுகுழாய் விடுவதில்லை. கழுத்து எலும்பும் அடிபட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு அசையாமல் வைப்போம். ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் விழாமல் பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதலில். நினைவு நிலையை அளக்கும் ஜிசிஎஸ் எண்ணைக் கூட்டிச் சொல்லாமல் கண், பேச்சு, அசைவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவோம். அடிபட்ட நேரத்தையும் கட்டாயம் எழுதுவோம், ஏனென்றால் ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பதென்றால் மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2019-ல் வந்த கிராஷ்-3 ஆய்வில் லேசான, நடுத்தரத் தலைக்காயக்காரர்களுக்குத்தான் அது கைகொடுத்தது.

எங்கள் பயிற்சியில் ஒரு பரிசோதனை சொல்லிக்கொடுத்தார்கள். காதிலிருந்து வரும் ரத்தத்தை வெள்ளைத் துணியில் சொட்டவிட்டால், நடுவில் சிவப்பும் சுற்றி வெளிறிய வளையமும் வந்தால் மூளை நீர் கலந்திருக்கிறது என்று. இதை எவ்வளவு நம்பலாம்?

பெட்ரஸ் எழுதியது:

சைரன், நீங்கள் எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை.

வளையம் வந்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ரத்தத்தோடு கண்ணீர் கலந்தாலும் வெறும் தண்ணீர் கலந்தாலும் அதே வளையம் வரும். வளையம் வரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது. சர்க்கரைப் பட்டையில் தொட்டுப் பார்க்கும் பழைய வழக்கமும் இதே கதைதான். கண்ணீரும் மூக்குச் சளியும் பட்டையில் நிறம் காட்டும், ஒரு துளி ரத்தம் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பகமான பரிசோதனை பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின். இந்தப் புரதம் மூளைத் தண்டுவட நீரில் இருக்கும், சாதாரணச் சளியில் இருக்காது. பீட்டா டிரேஸ் புரதமும் இதே வேலையைச் செய்யும். அரை மில்லி லிட்டருக்கும் குறைவான திரவமே போதும். நோயாளியை உட்காரவைத்துத் தலையை முன்னால் குனியச் சொன்னால் சைனஸில் தேங்கியது சொட்டும், ஒரு சுத்தமான குப்பியில் பிடித்துக்கொள்ளலாம். முடிவு வர நாளாகும் என்பதுதான் சிக்கல். அதுவரை கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே கவனிக்க வேண்டும்.

மூத்தமகள் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை. மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். அப்பா மாடிப்படியில் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. அப்போது ஒரு மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது குனிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் இடது மூக்கிலிருந்து மட்டும் தண்ணீராகச் சொட்டுகிறது. ராத்திரி தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்கிறார். சளி மாத்திரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. சாப்பாட்டின் மணமும் தெரியவில்லையாம். இந்த இழையைப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

தையல்ஊசி எழுதியது:

அம்மா, இழையைப் படிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவை இன்றைக்கே நியூரோ சர்ஜனும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரே மூக்கில், தெளிந்த நீராக, குனிந்தால் சொட்டுவது, உப்புக் கரிப்பது, மணம் போனது, அதற்கு முன்னால் ஒரு விழுகை. இவை சேர்ந்து வந்தால் வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மூளைத் தண்டுவட நீர்க்கசிவு என்றுதான் எடுத்துக்கொள்வோம். போகும் வரை மூக்கைச் சிந்த வேண்டாம், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். மூக்கில் சொட்டு மருந்தோ ஸ்பிரேயோ வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்தை மடக்க முடியாமல் விறைப்பது, வெளிச்சம் கூசுவது, பேச்சில் குழப்பம், இதில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பழைய சிடி ஸ்கேன் ஃபிலிமோ அது பதிந்த குறுந்தகடோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

மூத்தமகள் எழுதியது:

நன்றி டாக்டர். கிளம்பிவிட்டோம்.

இரவுப்பணி எழுதியது:

எங்கள் நோயாளிக்குப் படத்தை மறுபடி அமைத்துப் பார்த்தார்கள். காதைச் சுற்றியுள்ள வலது டெம்போரல் எலும்பில் நீளவாக்கில் ஒரு கோடு. இனி என்ன என்று டாக்டர்கள் சொல்வார்கள், ஆனால் வார்டில் எங்கள் வேலை என்ன என்று இங்கே யாராவது விரிவாக எழுதினால் மற்றச் செவிலிகளுக்கும் உதவும்.

தையல்ஊசி எழுதியது:

நியூரோ சர்ஜரியில் இருப்பவன். பலர் நினைப்பதற்கு மாறாக, இந்த முறிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் கத்தி வைப்பதில்லை. எலும்பு தானாகச் சேரும். நாங்கள் கவனிப்பது எலும்பை அல்ல, அதன் பக்கத்தில் இருப்பவற்றை: மூளை, டியூரா, ரத்தக்குழாய், நரம்பு.

முதல் ஒரு நாள் மற்றத் தலைக்காயத்தைப் போலவே. நினைவு நிலை, கண்மணி, கைகால் பலம், இவற்றை நேரம் தவறாமல் பார்க்க வேண்டும். ஜிசிஎஸ் விழுந்தால் முறிவைப் பற்றி யோசிக்காமல் உடனே மறுபடி சிடி.

கசிவு இருந்தால் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி வைப்பது, முக்காமல் மலம் போக மருந்து, இருமலுக்கும் வாந்திக்கும் மருந்து, மூக்கைச் சிந்தவும் கனம் தூக்கவும் தடை. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் மூளை நீரைச் சுரக்கிறது, உள்ளே ஒரு நேரத்தில் இருப்பது சுமார் 150. அழுத்தம் ஏறாமல் வைத்திருந்தால் கிழிசல் ஆற வாய்ப்புக் கிடைக்கும். காயத்தால் வரும் கசிவுகளில் பெரும்பாலானவை ஒரு வாரம், பத்து நாளில் தானாக நின்றுவிடும். காதுக் கசிவு மூக்குக் கசிவைவிடச் சுலபமாக நிற்கும். வார்டில் செவிலி எழுதிவைக்கும் குறிப்புதான் எங்களுக்கு ஆதாரம்: எந்தப் பக்கம், எந்த நிலையில் படுத்தால், துணி எத்தனை முறை நனைந்தது. "கசிவு உள்ளது" என்ற இரண்டு சொல்லை வைத்து என்னால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

நிற்காவிட்டால் முதுகில் லம்பார் டிரெய்ன் என்ற மெல்லிய வடிகுழாய் வைத்து மணிக்குச் சுமார் 10 மில்லி லிட்டர் அளவில் நீரை வடியவிடுவோம். இங்கே செவிலிகளின் கவனம் உயிர் காக்கும். பையின் உயரம் தவறி அளவுக்கு மேல் வடிந்தால் கிழிசல் வழியாகக் காற்று மண்டைக்குள் இழுக்கப்படும். நோயாளியை எழுப்பி உட்காரவைக்கும் முன் டிரெய்னை மூடுங்கள். தலைவலி கூடி, தூக்கக்கலக்கம் வந்தால் காற்று சேர்கிறதோ என்று சந்தேகியுங்கள். அதற்கும் நிற்காதது, பெரிய ஓட்டை, மூளைத்திசு பிதுங்குவது, திரும்பத் திரும்ப மூளை உறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்), இவற்றுக்கு அறுவை. மூக்குக்கு மேல் உள்ள மண்டை அடித்தளத்துக் கசிவை இப்போது மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் வைத்து அடைக்கிறோம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது பலிக்கிறது.

பழையகை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒருவரும் ஆன்டிபயாடிக் பற்றிப் பேசவில்லையே? மூளைக்கும் மூக்குக்கும் நடுவில் வழி திறந்திருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். கிருமி ஏறும் வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா? நான் பொது மருத்துவன், பல காலமாக இப்படி வருபவர்களுக்குத் தடுப்பாக ஊசி போட்டுத்தான் வருகிறேன். என் கையில் யாரும் கெட்டதில்லை.

தையல்ஊசி எழுதியது:

ஐயா, உங்கள் கையில் கெடாததற்கு ஊசிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஊசி போடாதவர்களிலும் பெரும்பாலோருக்கு அழற்சி வருவதில்லையே. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு 2006-ல் வந்தது, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடுப்பு ஆன்டிபயாடிக் மூளை உறை அழற்சியைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்பதுதான் அதன் முடிவு. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சாதுவான கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு மசியாதவற்றுக்கு நாம் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம் என்ற பயமும் இருக்கிறது. அப்புறம் காய்ச்சல் வந்தால் எந்த மருந்தைக் கையில் எடுப்பது?

பழையகை எழுதியது:

அந்த ஆய்வுகள் சிறியவை. ஆதாரம் இல்லை என்பதும், பயன் இல்லை என்று நிரூபித்ததும் ஒன்றாகாது.

தையல்ஊசி எழுதியது:

அது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுகள் சிறியவைதான். ஆனால் பயன் காட்டாத மருந்தை எல்லோருக்கும் கொடுக்கும் பொறுப்பு கொடுப்பவருடையது. காயம் திறந்து மண்ணோ துணியோ உள்ளே போயிருந்தால், மூளைத்திசு வெளியே தெரிந்தால், அறுவைக்கு எடுத்துச் சென்றால், அது வேறு விஷயம், அங்கே நானும் கொடுப்பேன். மூடிய முறிவு, தெளிந்த கசிவு என்றால் கொடுக்காமல், காய்ச்சலைக் கழுகுக்கண்ணோடு பார்க்கிறேன். வந்தால் தாமதிக்காமல் இடுப்பில் நீர் எடுத்துப் பரிசோதித்து, முழு அளவில் சிகிச்சை தொடங்குகிறேன். எடுப்பதற்கு முன்னால் சிடியில் மூளை அழுத்தம் பார்ப்பது வழக்கம்.

ஆனால் தடுப்பூசியைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகலாம். இவர்களுக்கு வரும் மூளை உறை அழற்சியில் நியூமோகாக்கஸ் என்ற கிருமிதான் முதல் குற்றவாளி. கசிவு உள்ளவர்களுக்கு நியூமோகாக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அதைத்தான் முதலில் மறக்கிறார்கள். கசிவு நின்று வருடங்கள் கழித்தும் அழற்சி வரக்கூடும். மூடியது போலத் தோன்றிய இடத்தில் மெல்லிய திசு மட்டுமே இருந்திருக்கும்.

பழையகை எழுதியது:

தடுப்பூசிக்குச் சரி. மற்றதை இன்னும் யோசிக்கிறேன்.

மயக்கமருந்து எழுதியது:

"செய்யவே கூடாதது எது" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மூக்கு வழியாக எதையும் விடாதீர்கள் என்பதுதான் பதில். முன்பக்க அடித்தளம் உடைந்திருக்கும்போது மூக்கு வழியாகச் செலுத்திய ரைல்ஸ் டியூப் (வயிற்றுக்குள் விடும் குழாய்) உணவுக்குழாய்க்குப் போகாமல் மூளைக்குள் சுருண்டு கிடந்த எக்ஸ்ரே படங்கள் 1970-களிலிருந்து மருத்துவ இதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. வயிற்றைக் காலி செய்ய வேண்டுமா, வாய் வழியாக விடுங்கள். செயற்கை சுவாசக் குழாயும் வாய் வழியாகவே.

மூக்குவழி காற்றுப்பாதைக் குழாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மண்டைக்குள் போனதாகப் பதிவானவை மிகச் சில. தாடை இறுகி, வாய் திறக்க முடியாமல், ஆக்சிஜன் விழுந்துகொண்டிருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் நான் அதைப் பயன்படுத்துவேன். மூச்சில்லாமல் போவது நிச்சயமான சாவு, மற்றது அபூர்வமான ஆபத்து. வேறு வழி இருக்கும்போது மூக்கைத் தொடமாட்டேன்.

முகமூடி வைத்து அழுத்தமாகக் காற்று தள்ளுவதையும் குறைக்க வேண்டும். அதனால்தான் தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு சிபாப் கருவி போடுகிறவரா என்று கட்டாயம் கேட்கிறேன். அந்தக் கருவியை நியூரோ சர்ஜன் சம்மதம் வரும் வரை நிறுத்தி வைக்க வேண்டும், அதுவரை ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வேகப்பிரியன் எழுதியது:

டாக்டர்கள் நடுவில் ஒரு கார் பந்தய ரசிகன். 1994 இமோலாவில் தகுதிச் சுற்றில் ரோலண்ட் ராட்சன்பெர்கர், 2001 டேடோனா 500-ன் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட், இருவருமே இந்த முறிவால்தான் இறந்தார்கள் என்று படித்திருக்கிறேன். தலையில் பலமாக இடிக்காமலே அடித்தளம் உடையுமா?

தையல்ஊசி எழுதியது:

உடையும். உடம்பு பெல்ட்டில் கட்டப்பட்டு நிற்கும், ஹெல்மெட்டின் கனத்தோடு தலை மட்டும் முன்னால் பாயும். அந்த இழுவை முழுவதும் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் விழுந்து, தண்டுவடம் இறங்கும் பெருந்துளையைச் சுற்றி வளையமாக எலும்பு பெயர்ந்துவிடும். மூளைத்தண்டு அங்கேதான் இருக்கிறது, அதனால் பிழைப்பது கடினம். ராபர்ட் ஹப்பர்ட் என்ற உயிர்இயக்கவியல் பேராசிரியர் 1980-களில் உருவாக்கிய ஹான்ஸ் என்ற தோள்பட்டைக் கருவி ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்து இந்த இழுவையைத்தான் தடுக்கிறது. ஃபார்முலா ஒன்றில் 2003-லிருந்து அது கட்டாயம். உயரத்திலிருந்து காலூன்றியோ பிட்டம் ஊன்றியோ விழுந்தாலும், முதுகெலும்பு மேலே இடித்து இதே வளையம் உடையலாம்.

இரவுப்பணி எழுதியது:

எங்கள் நோயாளிக்கு இன்று காலை வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, வலது கண் முழுசாக மூடவில்லை. வந்த அன்று முகம் நன்றாகத்தான் இருந்தது, நானே சிரிக்கச் சொல்லிப் பார்த்துக் குறித்திருக்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டார். வீட்டார் மிகவும் பயந்திருக்கிறார்கள்.

பெட்ரஸ் எழுதியது:

வந்த அன்று முகம் அசைந்தது என்று நீங்கள் குறித்துவைத்த அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். முகநரம்பு டெம்போரல் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாயில் ஓடுகிறது. அடிபட்ட கணத்திலேயே முகம் முழுவதும் செத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம், நசுங்கியிருக்கலாம். மின்பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அறுவையும் யோசிக்க வேண்டும். முதலில் அசைந்து, சில நாள் கழித்து வாதம் வந்தால் நரம்பு அறவில்லை, வீங்கியிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகத் திரும்பி வரும். வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லலாம். மயங்கிக் கிடப்பவரிடம் சிரிக்கச் சொல்ல முடியாது, ஆனால் வலி கொடுக்கும்போது முகம் சுளிப்பது இரு பக்கமும் சமமா என்று பார்த்து எழுதலாம்.

இப்போதைக்குக் கண்ணைக் காப்பாற்றுங்கள். பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். கருவிழி காய்ந்து புண்ணானால் முகம் சரியான பிறகும் பார்வை திரும்பாது.

ஸ்டீராய்டு கொடுப்போமா என்று கேட்பார்கள். தாமதமாக வந்த முகவாதத்துக்குப் பலர் கொடுக்கிறோம், ஆனால் நியூரோ சர்ஜனைக் கேட்காமல் அல்ல. 2004-ல் பத்தாயிரம் பேருக்கு மேல் நடந்த கிராஷ் ஆய்வில், தலைக்காயத்துக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு செலுத்தியவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், செலுத்தாதவர்களில் 17.9. முகவாதத்துக்குக் கொடுக்கும் அளவு அதைவிட மிகக் குறைவு. இருந்தாலும் மூளையில் காயம் இருப்பவரிடம் கை தயங்கத்தான் வேண்டும்.

முறிவு நீளவாக்கா, குறுக்கா என்று பிரிப்பது பழைய முறை. இப்போது உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு உறை தப்பியதா, உடைந்ததா என்று கேட்கிறோம். உடைந்திருந்தால் முகவாதமும் நிரந்தரச் செவிட்டுத்தன்மையும் தலைசுற்றலும் வர வாய்ப்பு அதிகம். தப்பியிருந்தால் காது மந்தம் பெரும்பாலும் நடுக்காதில் தேங்கிய ரத்தத்தால்தான், சில வாரத்தில் வடிந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்தும் மந்தமாக இருந்தால் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள் விலகியிருக்கலாம், அதை அறுவையில் சரிசெய்யலாம். படுக்கையில் புரளும்போது சில நொடி உலகம் சுற்றினால் பயப்பட வேண்டாம், காதுக்குள் இருக்கும் கால்சியம் துகள் இடம் மாறியிருக்கும், எப்லி முறையில் தலையைத் திருப்பியே சரிசெய்துவிடலாம்.

ஸ்கேன்அறை எழுதியது:

முறிவுக்கோடு கழுத்துத் தமனி மண்டைக்குள் நுழையும் எலும்புக் குழாய் வழியாகப் போனால் எனக்குத் தூக்கம் வராது. ரத்தக்குழாய்க்கான சிடி ஆஞ்சியோவும் எடுக்கச் சொல்லுவேன். தமனியின் உள்சுவர் கிழிந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பக்கவாதம் வரலாம். சிடியில் மூளை நன்றாக இருக்கும்போது கைகால் திடீரென்று விழுந்தால் அங்கே பாருங்கள்.

இன்னொன்று, கண்ணுக்குப் பின்னால் தமனியும் சிரையும் ஒன்றோடொன்று திறந்துகொள்வது. கண் சிவந்து, வெளியே தள்ளி, நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும். நோயாளி காதுக்குள் 'உஸ் உஸ்' என்று சத்தம் கேட்கிறது என்பார். இமை மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் உங்களுக்கும் கேட்கும். இது வாரங்கள் கழித்தும் வரலாம். சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் பார்வை போய்விடும்.

குழந்தைகள் பற்றியும் ஒரு வரி. அடிபட்ட கதையே இல்லாமல் ஒரு குழந்தைக்கு இரு கண்ணையும் சுற்றிக் கருத்தால், நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி கண்குழிக்குப் பரவியதாலும் இருக்கலாம். குழந்தையை யாராவது அடித்திருக்கிறார்களா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது.

மூத்தமகள் எழுதியது:

வணக்கம். பரிசோதனையில் மூளை நீர்தான் என்று வந்துவிட்டது. மூக்குக்கு மேலே இருக்கும் எத்மாய்டு எலும்பில் சின்ன ஓட்டையாம். மூக்கு வழியாகவே அடைத்துவிட்டார்கள், அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று கேள்வி. மணம் திரும்புமா? அண்ணன் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கூட்டிப் போக வேண்டும் என்கிறான், போகலாமா? மறுபடி கசிந்தால் எப்படித் தெரியும்?

தையல்ஊசி எழுதியது:

நல்ல செய்தி. விமானத்துக்கு அவசரப்பட வேண்டாம். உள்ளே காற்று மிச்சம் இருந்தால் உயரத்தில் அழுத்தம் குறையும்போது அது விரியும். காற்று முழுவதும் கரைந்துவிட்டது என்று சிடியில் பார்த்து, அறுவை செய்தவர் சம்மதித்த பிறகுதான். அண்ணனை இங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மணம் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். மணநரம்பின் இழைகள் அந்த எலும்பின் துளைகள் வழியாகத்தான் வருகின்றன, அறுந்திருந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. வீக்கத்தால் போயிருந்தால் சில மாதங்களில் கொஞ்சம் வரலாம். அதுவரை, கேஸ் கசிந்தாலோ எதுவும் தீய்ந்தாலோ அவருக்குத் தெரியாது. வீட்டில் கேஸ் கசிவு, புகை எச்சரிக்கைக் கருவி வையுங்கள். சமைத்ததைத் தேதி எழுதி வையுங்கள், கெட்டதை முகர்ந்து கண்டுபிடிக்க அவரால் முடியாது.

மறுபடி கசிந்தால் முன்பு பார்த்த அதே அறிகுறிகள்தான். கூடவே, உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள்.

மூத்தமகள் எழுதியது:

பார்த்தேன் டாக்டர். எழுதவில்லை. நாளைக்கு மறுபரிசோதனைக்குப் போகும்போது கேட்கிறேன்.

பழையகை எழுதியது:

கேட்காதீர்கள் அம்மா, எழுதிக் கையில் கொண்டுபோங்கள். "நியூமோகாக்கல் தடுப்பூசி, எப்போது?" என்று.